ஒரே சட்டிக்காரர்

வெந்த பாஸ்தாக் குழல் ஒன்றை முள்கரண்டியால் குத்தித் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் அதன் ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார் லிஃப்ட்காரர். சமையலறை விளக்கு பளிச்சென்றுதான் எரிகிறது. ஆனாலும் டார்ச் அடித்துப் பார்க்காத எதையும் பார்த்ததாகவே அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. "நடுவுல இன்னும் வெள்ளையா தெரியுது. ஒரு நிமிஷம் குடுக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு குழலைத் தூக்கிப் பார்த்துத் திருப்தி அடைந்து, சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து "பதினொன்று" என்று எழுதுகிறார். பாஸ்தாப் பாக்கெட்டின் முதுகிலேயே பதினோரு நிமிடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. போட்டிருந்தால் ஆயிற்றா? இவர் பார்க்க வேண்டாமா?

லிஃப்ட்காரர் என்பது அந்தக் கட்டடத்துக்காரர்கள் வைத்த பெயர். லிஃப்ட் ஓட்டுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி யாராவது கேட்டால் அவருக்கு முகம் சுருங்கிப்போகும். ஊரில் உள்ள லிஃப்டுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் "பாதுகாப்பானது" என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற உத்தியோகம். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அப்பேர்ப்பட்டவர் குடியிருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தில், நாலாவது மாடியில். எண்பத்திரண்டு படிகள். இதைச் சொல்லி யாராவது சிரித்தால், "நாள் பூரா அதையே பாத்துட்டு வந்து வீட்டுலயும் அதையே பாக்கணுமா?" என்று கேட்பார். மூச்சு வாங்குவதால் அந்த ஒரு வாக்கியத்தை மூன்று தவணையாகத்தான் கேட்க முடியும்.

வெளியில் எங்கே போனாலும் அவர் லிஃப்டில் ஏறும் விதமே தனி. பொத்தானை இரண்டு தரம் அழுத்துவார். உள்ளே போனதும் குதிகாலை உயர்த்தி லேசாக ஒரு குதி குதிப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் அரண்டு போவார்கள். ஒருமுறை சொந்தக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் குடும்பத்தோடு பார்க்கப் போன இடத்தில், லிஃப்டுக்குள் எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருந்த அட்டையைப் படித்துவிட்டு, "பெரியப்பா, நீங்களும் சித்தப்பாவும் அடுத்த நடையில வாங்க" என்று இரண்டு பெரியவர்களை வெளியே இறக்கிவிட்டார். அந்த இரண்டு பேரும் இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் லிஃப்டை மேலிருந்து கீழே ஒருமுறை வெறுமனே விட்டுப் பார்க்க வேண்டும். காலி ஓட்டம் என்பார்கள். அந்த விதியை அவர் ஆபீசோடு விட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அவர் அதைச் சமையலறைக்குள்ளும் அழைத்து வந்துவிட்டார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு புதுப் பாக்கெட்டுக்கும், முதலில் ஒரு குட்டிப் பாத்திரத்தில் எட்டே எட்டுக் குழல்களைப் போட்டு வேகவைத்து, எத்தனை நிமிடம் என்று பார்ப்பார். அது காலி ஓட்டம். அதற்கப்புறம்தான் அசல் சமையல்.

அசல் சமையல் என்ன என்பதை அவர் வாயாலேயே கேட்டுவிடலாம். "ரொம்ப சிம்பிள்ங்க. ஒரே சட்டி. கறி அடைச்ச சாசேஜை வட்ட வட்டமா நறுக்கிப் போட்டு செவக்க விடணும். அதே சட்டியில வெங்காயம், பூண்டு. அதே சட்டியில தண்ணி ஊத்தி பாஸ்தா. அதே சட்டியில கிரீம், சீஸ், கொஞ்சம் கீரை. முப்பது நிமிஷம். முடிஞ்சு போச்சு." படியில் எதிர்ப்படுகிறவர், பேப்பர் போடுகிறவர், லிஃப்டில் கூட வருகிற முன்பின் தெரியாத ஆள் என்று யாரையும் விட்டுவைப்பதில்லை. சொல்லும்போது ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். அந்த ஒரு விரல்தான் ஒரே சட்டி.

இனி நடப்பதைப் பார்ப்போம். காலி ஓட்டத்துக்கு ஒரு குட்டிப் பாத்திரம், சரி. சிவந்த சாசேஜ் துண்டுகளை எடுத்து வைக்க ஒரு தட்டு. அதன் எண்ணெயை வடிக்க இன்னொரு தட்டு. தண்ணீரை அளக்க ஒரு குவளை. அளந்தது சரிதானா என்று பார்க்க இன்னொரு குவளை. கிரீமையும் பாலையும் கலக்க ஒரு கிண்ணம், கீரை கழுவ ஒரு வடிதட்டு, அந்த வடிதட்டைச் சொட்டாமல் வைக்க ஒரு பேசின். சீஸ் துருவ ஒரு துருவி, துருவியதைப் பிடிக்க ஒரு தட்டு. நறுக்கும் பலகை இரண்டு, ஏனென்றால் வெங்காயமும் சாசேஜும் ஒரே பலகையில் படுத்தால் ஆகாதாம். பிறகு ருசி பார்க்கும் கரண்டிகள். வாயில் வைத்த கரண்டி மறுபடி சட்டிக்குள் போகக் கூடாது என்பதில் மனிதர் கறார். அதனால் ஒரு ருசிக்கு ஒரு கரண்டி. உப்பு விஷயத்தில் தன்மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லாதவர் என்பதால் சாதாரணமாக ஏழு கரண்டிகள் ஆகும். எல்லாம் முடிந்து பார்த்தால் அடுப்பின் மேல் இருப்பது ஒரே சட்டிதான். அதில் சந்தேகமே இல்லை.

இந்தக் கூத்து ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. அவருடைய மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். அங்கே தலைமைப் பொறுப்புக்குப் போக ஒரு பரீட்சை எழுத வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருமுறை எழுதி, நாலு மார்க்கில் கோட்டை விட்டவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டாள். மறுபடி யாராவது பரீட்சை என்று பேச்செடுத்தாலே எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவாள். இந்த வருடம் கூடத்திலேயே வற்புறுத்தி, வாரத்தில் நாலு நாள் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். திங்கள் முதல் வியாழன் வரை, வேலை முடிந்த கையோடு போக வேண்டும். வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும்.

"அது சரிப்படாதுங்க. ராத்திரிச் சாப்பாட்டை யாரு பாக்கறது?" என்றாள் மனைவி. சொன்ன வேகத்தைப் பார்த்தால், தப்பிக்க ஒரு வழி கிடைத்த சந்தோஷம் அதில் இருந்தது. லிஃப்ட்காரர் அன்று மத்தியானம்தான் ஆபீசில் யாரோ போனில் காட்டிய சமையல் வீடியோ ஒன்றைப் பார்த்திருந்தார். அரை நிமிட வீடியோ. சும்மா இருந்திருக்கலாம். "நான் பாத்துக்கறேன். ஒரே சட்டி. முப்பது நிமிஷம். நீ வந்து உக்காந்தா போதும்" என்று வாயைக் கொடுத்தார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெந்நீர் வைத்த பாத்திரத்தைக்கூட அடிப்பிடிக்க விட்டவர் அவர். "இங்க பாருங்க, பெருமைக்குச் சொல்லாதீங்க. நீங்களும் நாள் பூரா லிஃப்டுக்கு லிஃப்ட் ஏறி எறங்கிட்டு வர்றீங்க. நான் வரும்போது நீங்க சிங்க் நிறைய பாத்திரத்தைப் போட்டுக்கிட்டு மல்லுக்கட்டிட்டு இருந்தீங்கன்னு வைங்க, அன்னிக்கே வகுப்புக்கு ஒரு கும்பிடு. எனக்கு மனசு கேக்காது. இப்பவே சொல்லிட்டேன்." இரண்டு நாள் கழித்துப் பரணிலிருந்து புத்தகக் கட்டு இறங்கியது.

லிஃப்ட்காரருக்கு உலக விஷயம் பலதும் தெரியாது. ஆனால் மனைவி விஷயத்தில் ஒன்று தெரியும். அவளுக்கு இப்போது வேண்டியது வகுப்பை விடுவதற்கு ஒரு சாக்கு. பயம் என்று சொல்லிக்கொள்ள மாட்டாள். புருஷன் கஷ்டப்படுகிறார் என்று சொல்லிக்கொண்டு விடுவாள். அந்தச் சாக்கு தன்னுடைய சிங்க்கில் கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் நாலு மாதமாக அந்த மனிதரின் ஒரே கவலை.

ஆகவே, அவள் வருவதற்குள் அத்தனையும் மறைந்தாக வேண்டும். ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழைவார். சமையல் ஆறே முக்கால், ஏழு வரை இழுக்கும். முப்பது நிமிடம் என்று நீங்கள் நம்பியிருந்தால் அது உங்கள் தப்பு. பிறகு ஆரம்பிக்கும் கழுவல். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, துருவியின் ஓட்டைகளுக்குள் பல்தேய்க்கும் பிரஷ்ஷை விட்டுக் குடைவார். வடிதட்டின் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்து சூடாக ஊதுவார். தட்டுகளைத் துடைத்து, எது எந்த அடுக்கில் இருந்ததோ அதே அடுக்கில், அதே வரிசையில் வைப்பார். கரண்டிகளை மட்டும் துடைக்க நேரம் இருக்காது. அப்படியே இழுப்பறைக்குள் கொட்டி மூடிவிடுவார். கொலை செய்துவிட்டுத் தடயம் அழிக்கிறவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சடங்கு. சட்டியின் கனத்த இரும்பு மூடியை எடுத்து, ஓங்கி, 'டணார்' என்று சட்டியின் மேல் வைப்பார். வேலை முடிந்த லிஃப்டில் ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன நிம்மதியோ அதே நிம்மதி அந்தச் சத்தத்தில். அந்தச் சத்தம் அடங்கும் முன்னே வாசலில் சாவி திரும்பும். தினமும். ஒருநாள்கூடத் தப்பியதில்லை.

இதில்தான் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. "பாத்தியா, நான் மூடியை வைக்கவும் நீ சாவி போடவும் சரியா இருக்கு! இருபத்திரண்டு வருஷ டைமிங்" என்பார். மூடி ஏழு பத்துக்கு விழுந்தால் மனைவி ஏழு பத்துக்கு வருவாள். கீரையில் மண் அதிகமாக இருந்து மூடி ஏழரைக்கு விழுந்தால் ஏழரைக்கு வருவாள். "நான் லேட்டாகற அன்னிக்குப் பாத்து பஸ்ஸும் லேட்டாகுது. என்ன ஒரு பொருத்தம்!" என்று வியப்பார். இரும்புக் கயிற்றில் ஒரு இழை அறுந்திருந்தால் முப்பதடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண் அது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளவும்.

உள்ளே வந்ததும் மனைவி பையை மாட்டுவாள். அடுப்பைப் பார்ப்பாள். காய்ந்து பளபளக்கும் சிங்க்கைப் பார்ப்பாள். "அடேங்கப்பா, ஒரே சட்டிதானா?" என்று கேட்பாள். "பின்னே?" என்பார் அவர். மனைவி இழுப்பறையைத் திறந்து மூன்று முள்கரண்டிகளை எடுத்து, ஒவ்வொன்றாகத் தன் துப்பட்டாவின் நுனியில் ஈரம் போகத் துடைத்து மேஜையில் வைப்பாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் வந்த சுத்தம் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது முள்கரண்டி கொழுந்தியாளுக்கு. மனைவியின் தங்கை இரண்டு மாடி கீழே தனியாகக் குடியிருக்கிறாள். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிற வேலை. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா" என்று வாரத்தில் நாலு நாளும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்குச் சும்மா பார்க்க வருவாள். அவர் பாத்திரம் கழுவுவதை நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தட்டைத் துடைத்துக் கொடுத்ததில்லை. "நான் பாத்த சினிமாவுலயே இதுதான் மாமா நல்லா இருக்கு" என்பாள். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். பஸ் தாமதத்தைப் பற்றி அவர் வியக்கும்போதெல்லாம், எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்து நின்றது என்பதை ஊருக்கே மைக்கில் சொல்கிற அந்தப் பெண், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ஆமா மாமா, இன்னிக்கு அந்த ரூட்டே கொஞ்சம் லேட்டுதான்" என்பாள்.

போன மாதம் அவள் வீட்டு நாற்காலிக் காலைச் சரிசெய்யப் போனபோது, அதன் மேல் எப்போதும் கிடக்கும் பச்சைத் திண்டு இல்லாததைக் கவனித்து, எங்கே என்று கேட்டார். "துவைக்கப் போட்டிருக்கேன் மாமா" என்றாள். துவைத்தது எந்தக் கொடியில் காய்கிறது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

போன வியாழக்கிழமைதான் வகுப்பின் கடைசி நாள். சனிக்கிழமை பரீட்சை. இத்தனை நாள் தாண்டியாயிற்று, இன்று ஒரு நாள் பொத்திக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று காலையிலிருந்தே அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு முதல்நாள் ராத்திரி மனைவி புத்தகத்தை மூடி வைத்து, "இந்தத் தடவையும் போச்சுன்னா என்னங்க பண்றது? பேசாம விட்டுடலாமான்னு இருக்கு" என்று சொல்லியிருந்தாள்.

வியாழன் மத்தியானம் ஒரு ஏழு மாடி ஆபீஸ் கட்டடம். காலி ஓட்டம் பார்த்து, பிரேக் பார்த்து, கதவு பார்த்து, திருப்தியாக ஸ்டிக்கர் ஒட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே லிஃப்டில் கீழே இறங்கினார். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. கூட ஒரு பெண்மணி இருந்தார். அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார், லிஃப்ட்காரரின் சட்டையில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார், மறுபடி ஸ்டிக்கரைப் பார்த்தார். "இதுல இன்னிக்குத் தேதிதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் லிஃப்ட்காரர். "பசைகூட இன்னும் காயல." கதவைத் திறக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறே முக்கால். எண்பத்திரண்டு படியையும் ஓடியே ஏறியிருந்தார். புத்தி உள்ள எந்த மனிதனும் என்ன செய்வான்? காலி ஓட்டத்தை விட்டுவிட்டு நேராகச் சமையலில் இறங்குவான். லிஃப்ட்காரர் குட்டிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்து எட்டுக் குழல்களை எண்ணிப் போட்டார். "இன்னிக்குக் கண்டிப்பா பாத்தே ஆகணும். மத்தியானத்துலேர்ந்தே நேரம் சரியில்ல" என்றார். அப்போதுதான் உள்ளே வந்து இழுப்பறையிலிருந்து ஒரு முள்கரண்டியை எடுத்துக்கொண்ட கொழுந்தியாளுக்கு அவருடைய முகத்தைப் பார்த்ததும் கேலி செய்யத் தோன்றவில்லை போலும். கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்தாள்.

அவசரத்தில் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாசேஜ் ஒரு பக்கம் கரிந்தது. வெங்காயம் கண்ணைக் கரித்தது. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த கிரீமை, கொதிக்கக் கொதிக்க இருந்த சட்டியில் அப்படியே கவிழ்த்தார். அது திரிந்து, வெள்ளைத் திப்பிகளாக எண்ணெயில் மிதந்தது. "ஐயையோ!" என்று அலறினார். நறுக்கி வைத்த பூண்டு மாதிரி ஆகிவிட்ட அந்தக் கிரீமைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டியில் இருந்ததை எல்லாம் பெரிய பாத்திரத்தில் கொட்டினார். குழம்பை வடிகட்டி இன்னொரு பாத்திரத்தில் பிடித்தார். குட்டிப் பாத்திரத்தில் பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்து அடித்து, சீஸைத் தூவி, எப்படியோ ஒரு வழிக்குக் கொண்டுவந்து, மறுபடி எல்லாவற்றையும் சட்டிக்கே மாற்றினார். ருசி பார்த்தார். பதினொரு கரண்டி ஆகியிருந்தது. சாப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. மணி ஏழு முப்பத்தைந்து.

திரும்பிப் பார்த்தார். சிங்க்கில் இடம் இல்லாமல் மேடையிலும், மேடையில் இடம் இல்லாமல் ஸ்டூலிலும் பாத்திரங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றிலும் சீஸ் ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு வேகமாகக் கழுவினாலும் அரைமணி நேரம் ஆகும்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "உங்கக்கா இன்னும் வரலையே!"

"வந்துடுவா மாமா."

"மணி ஏழு முப்பத்தஞ்சு. என் லேட்டை விட பஸ் லேட்டா இருக்குமா? போன் பண்ணிப் பாரு. பரீட்சைப் பயத்துல எங்கயாவது மயக்கம் போட்டு விழுந்திருந்தா?"

கொழுந்தியாள் போனை எடுக்கவில்லை. முள்கரண்டியை மேஜையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க மூடியை வைங்க மாமா, அவ வந்துடுவா" என்றாள்.

"வெளையாடற நேரமா இது?" என்று எரிந்து விழுந்தார். படி இறங்கிப் போய்ப் பஸ் நிறுத்தத்தில் பார்ப்போம் என்று செருப்பை மாட்டினார். கதவைத் திறக்கும் முன், பழக்க தோஷம், கதவில் இருந்த குட்டிக் கண்ணாடித் துளையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

வாசலுக்கு நேர் எதிரே மாடிக்கு ஏறும் படிகள். மூன்றாவது படியில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். அடியில் பச்சைத் திண்டு. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். மடியில் புத்தகம். விரல் ஒவ்வொரு வரியாக நகர, உதடு அசைய, படித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படி விளக்கு, ஆள் அசையாவிட்டால் ஒரு நிமிடத்தில் அணைந்துபோகிற ரகம். அணைந்தது. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே இடது கையை மேலே தூக்கி ஆட்டினாள். எரிந்தது. மாதக் கணக்கில் பழகிய கை அது. பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதி கடித்து, மீதியைத் தாளில் சுற்றித் திரும்ப வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். நேராகத் தன் கண்ணையே பார்ப்பது போலிருந்ததால் லிஃப்ட்காரர் சடாரென்று பின்வாங்கினார்.

முதலில் வந்தது வெட்கம். காது மடல் இரண்டும் சுட்டன. அதற்குப் பின்னாலேயே கோபம். "எவ்வளவு நாளா?" என்று கொழுந்தியாளைக் கேட்டார், வெளியே கேட்காத குரலில்.

"முதல் வாரத்துலேர்ந்தே. ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவா. தண்ணிச் சத்தம் கேட்டா அப்படியே உக்காந்துடுவா. என் வீட்டுல உக்காருன்னேன், அங்கேர்ந்து மூடிச் சத்தம் கேக்காதாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவளும் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா மாமா. ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் பண்ணிட்டு நான் என்ன பண்றது? பஸ் லேட்டுன்னு பொய் சொல்லிச் சொல்லி வேலை போயிடுமோன்னு எனக்கே பயமா இருக்கு."

லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்காரப் போனார். ஸ்டூலில் வடிதட்டு இருந்தது. நின்றுகொண்டே இருந்தார். நாலு மாதம். வாரத்துக்கு நாலு நாள். அந்தக் குளிர்ந்த படியில், பசியோடு, அவர் துருவியைக் குடைந்து முடிக்கும்வரை ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். சாக்கு கிடைக்குமா என்று தேடுகிறாள் என்றல்லவா நினைத்தோம்? அந்தச் சாக்கு தினமும் கதவுக்கு இந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. "பாவி, பசிக்கலையா இவளுக்கு?" என்றார்.

கழுவ ஆரம்பித்தால் இன்னும் அரைமணி. அவர் குளியலறைக்குப் போய்ப் பெரிய துவாலையை எடுத்து வந்தார். அதை உதறி, சிங்க்கில் இருந்த மலையின் மேல் விரித்து, ஓரங்களைச் சொருகினார். மேடையில் இருந்ததையும் ஸ்டூலில் இருந்ததையும் உள்ளே தள்ளினார். அப்படியும் ஒரு நீளக் கரண்டியின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாலு மாதத்தில் முதல்முறையாகக் கொழுந்தியாள் எழுந்து வந்து, அதைப் பிடித்துத் துவாலைக்குள் அழுத்தினாள்.

பிறகு அவர் ஒரு கையில் துணி சுற்றிச் சட்டியைத் தூக்கிக்கொண்டார். மறுகையில் மூடி. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் வாசல்வரை நடந்து, துளையில் கண்ணை வைத்தார். மனைவி புத்தகத்தில் ஒரு பக்கத்தின் நடுவில் இருந்தாள். சட்டி கனத்தது. கிரீம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விளிம்புக்கு வந்தது. விளக்கு ஒருமுறை அணைந்து, அவள் கை ஆட்ட, மறுபடி எரிந்தது. அவளுடைய விரல் கடைசி வரியின் முடிவுக்கு வந்து, நின்று, பக்கத்தைப் புரட்டும்வரை அவர் பொறுத்திருந்தார். புரட்டியதும், மூடியை ஓங்கிச் சட்டியின் மேல் வைத்தார்.